கொம்பரக்கு பாடிய ப்ளூஸ்

நாகர்கோவில் கோட்டாறு கம்போளம் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கொம்பரக்கு என்று கேட்டால், நடுவில் சுள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும், செங்கருப்பான, சொரசொரத்த பிசின் துண்டுகளைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். மர பாலிஷ் சாமான் விற்கும் கடையில் அவலரக்கு கேட்டால் தேன் நிறத்தில் மெல்லிய செதிள்கள் கிடைக்கும். இரண்டும் ஒரே சரக்குதான். கழுவி, உருக்கி, இழுத்து உலர்த்தினால் கொம்பரக்கு அவலரக்கு ஆகிவிடும். 1890களின் பிற்பாதியிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல், உலகத்தில் தட்டாக வெளிவந்த பாட்டில் பெரும்பகுதி இந்தப் பிசினில்தான் அச்சானது. மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக்காரர்கள் பாடிய ப்ளூஸும், நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஜாஸும், நாடக மேடையின் செங்கோட்டை கிட்டப்பாவின் குரலும் இந்த ஒரே பிசினில் தங்கின.

பழைய ஜாஸ் தட்டுகளை விரும்பிக் கேட்பவர்கள் பாடகரைப் பற்றிப் பேசுவார்கள், ட்ரம்பெட்டைப் பற்றிப் பேசுவார்கள், தட்டின் லேபிளைக்கூட மணிக்கணக்கில் பேசுவார்கள். தட்டு எதனால் ஆனது என்ற பேச்சு வருவது அபூர்வம். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். நம் நாட்டுக் காட்டுச் சரக்கு இல்லையென்றால் அந்த இசை நமக்கு இந்த வடிவத்தில் வந்து சேர்ந்திருக்காது.

அரக்கைச் செய்வது கண்ணுக்குச் சட்டென்று தட்டுப்படாத ஒரு பூச்சி. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் இளங்கொப்புகளில் ஊர்ந்து, இடம் பார்த்து உட்கார்ந்து, வாயைத் தண்டுக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சத் தொடங்கும். உறிஞ்ச உறிஞ்ச உடம்பிலிருந்து பிசின் கசிந்து மேலே மூடும். பெண் பூச்சி பிறகு அந்த இடத்தை விட்டு நகர்வதேயில்லை. தன் பிசினுக்குள்ளேயே வாழ்ந்து, முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. ஆயிரக்கணக்கான பூச்சிகளின் கசிவு ஒன்றோடொன்று சேர்ந்து கொப்பைச் சுற்றிப் பட்டையாகப் படிவதுதான் கொம்பரக்கு. பலாசு, இலந்தை, குசும் ஆகிய மரங்கள் இதற்கு ஏற்றவை. சோட்டா நாகபுரிப் பீடபூமியின் ராஞ்சி வட்டாரமும் வங்கத்துப் புருலியாவும் மத்திய இந்தியக் காடுகளும் இதன் தாயகம். அங்குள்ள ஆதிவாசிக் குடும்பங்கள் கொப்பை வெட்டி, அரக்கைச் சுரண்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1920களில் ராஞ்சி அருகே நாம்கும்மில் அரக்கு ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கும் அளவுக்கு அது பெரிய வணிகம். உலகச் சந்தைக்குப் போன அரக்கில் மிகப் பெரும் பங்கு இந்தியாவிலிருந்தே போனது. அதுவும் கல்கத்தாத் துறைமுகம் வழியாக.

அவலரக்கு ஆகும் விதத்தைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தட்டைத் தொடும் விரலே மாறிவிட்டது. நொறுக்கிக் கழுவிய அரக்கை நீளமான துணிப்பையில் அடைத்து, கரி நெருப்புக்கு முன்னால் பிடித்து முறுக்குவார்கள். உருகிய அரக்கு துணியின் கண்கள் வழியே கசியும். அதை வழித்து, வெந்நீர் நிரப்பிய உருளையின் மேல் பரப்பி, தகடாகத் தூக்கி எடுப்பார்கள். சூடு ஆறுவதற்குள் ஒரு ஆள் அந்தத் தகட்டை இரண்டு கையாலும் கால்விரல்களாலும் பல்லாலும் பிடித்து நாலாபுறமும் இழுப்பார். தகடு ஆளுயரத்துக்கு விரிந்து கண்ணாடிக் காகிதமாக மெலியும். பிறகு நொறுக்கினால் அவலரக்கு. கிராமபோன் கம்பெனிகள் வாங்கிய அரக்கில் பெரும்பகுதி இப்படி மனித உடம்பால் இழுக்கப்பட்டது. இழுத்தவர்கள் பெயர் எந்த லேபிளிலும் இல்லை.

நாஞ்சில் நாட்டுக்கு அரக்கு புதிதல்ல. பத்திரப் பதிவு அலுவலகத்துச் சீலிலிருந்து தச்சர்களின் பாலிஷ் வரை அது புழங்கிய ஊர். எல்லாவற்றுக்கும் மேலாக வடசேரி இருக்கிறது. பரதநாட்டியக்காரர்கள் அணியும் கோயில் நகைகளுக்குப் பேர் போன இடம். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு இட்டு, சிவப்புக் கெம்புக் கல்லைப் பதிக்கும் ஆசாரிமார் அரக்கின் குணத்தைக் கைவிரலில் வைத்திருப்பவர்கள். உடைந்துபோன ஒரு பழைய தட்டின் சில்லை ஒரு முறை அங்கே கொண்டுபோய்க் காட்டினேன். வயதான ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடுக்கியில் பிடித்து, ஊதுகுழலால் ஒரு முனையில் லேசாகத் தீயைக் காட்டினார். முனை பளபளத்து இளகியது. மூக்கருகே கொண்டுபோனார்.

"இது நம்ம அரக்குதாம்லா தம்பி. கல்லுப்பொடிய நெறைய சேத்திருக்கானுவ."

"பாட்டுப் பிளேட்டு அண்ணாச்சி. அமெரிக்காப் பாட்டு."

"எந்த ஊரு பாட்டுன்னா என்ன, வாசம் இங்க உள்ள வாசம்தான்."

அவர் சொன்னது இரண்டுமே சரி. தட்டில் அரக்கு நாலில் ஒரு பங்குதான் இருக்கும். சிலவற்றில் அதற்கும் குறைவு. மீதி, பலகைக்கல் தூளும் சுண்ணாம்புக் கல் தூளும். கூடவே வலுவுக்குக் கொஞ்சம் பஞ்சு நார், கருப்புக்குக் கரி. அரக்கின் வேலை இவை எல்லாவற்றையும் கட்டிப் பிடிப்பது. ஆனால் அந்தப் பிடிப்பு இல்லையென்றால் மிஞ்சுவது ஒரு பிடி மண்.

இந்தக் கலவைக்கு வந்து சேர்ந்த வழி நேரானதல்ல. எடிசன் 1877இல் ஒலியை உருளையில் பதிந்தார். ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர், 1887இல் தட்டையான வட்டில் பதியும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். அன்றைய நிலையில் உருளையைக் கொத்துக் கொத்தாகப் படியெடுப்பது பெரும்பாடு. தட்டையான வட்டு என்றால் ஒரு உலோக அச்சு செய்துவைத்துக்கொண்டு வேண்டிய மட்டும் அழுத்தி எடுக்கலாம். எதில் அழுத்துவது என்பதில்தான் சிக்கல். செல்லுலாய்டு சீக்கிரம் தேய்ந்தது. கடின ரப்பரில் அச்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக விழவில்லை. 1895 வாக்கில், நியூ ஜெர்சி மாநிலத்து நூவர்க்கில் பொத்தான் செய்துகொண்டிருந்த டூரனாய்டு என்ற கம்பெனி, தான் பொத்தானுக்குப் பயன்படுத்திய அரக்குக் கலவையில் பெர்லினரின் அச்சை அழுத்திக் கொடுத்தது. மயிரிழை அகலப் பள்ளம்கூடப் பிசகாமல் விழுந்தது. சட்டைப் பொத்தானின் சரக்கு பாட்டுத் தட்டின் சரக்கானது.

அரக்கு என்றாலே நமக்கு வாரணாவதத்து மாளிகை நினைவுக்கு வரும். பாண்டவரை எரிப்பதற்கென்றே எளிதில் தீப்பற்றும் சரக்கால் கட்டியது. பெர்லினருக்குக் கைகொடுத்தது அரக்கின் இன்னொரு குணம்: சூட்டில் இளகும், எந்த வடிவத்தில் அழுத்தினாலும் ஏற்கும், ஆறியதும் அந்த வடிவத்தை விடாது. தொழிற்சாலையில் கலவையைச் சூடாக்கி, அடையாகத் தட்டி, மேலும் கீழும் லேபிள் வைத்து, இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவில் நீராவிச் சூட்டோடு அழுத்தினார்கள். உடனே குளிர்நீர் பாய்ந்தது. ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு பக்கமும் பாட்டோடு தட்டு வெளியே வந்தது.

இனி வருவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பெர்லினரிடம் இளைஞராகச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க், 1902ஆம் ஆண்டுக் கடைசியில் ஒலிப்பதிவுக் கருவியோடு கல்கத்தாவில் வந்து இறங்கினார். அங்கே கௌஹர் ஜான் பாடினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டை அழுத்துபவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே. மெழுகு மூலங்கள் கப்பலேறி ஹனோவர் போயின. பெர்லினரின் சொந்த ஊரில், அவர் குடும்பம் தொடங்கிய ஆலையில், அவை தட்டுகளாகி மீண்டும் கப்பலேறிக் கல்கத்தா வந்தன. அரக்கு கல்கத்தாவிலிருந்து ஐரோப்பா போய், கௌஹர் ஜானின் குரலைச் சுமந்துகொண்டு கல்கத்தாவுக்கே திரும்பியது. 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் ஆலை வந்த பிறகுதான் இந்தச் சுற்றுவழி நின்றது. அடுத்து 1928இல் டம்டம். நாய் மார்க் தட்டு என்று நம் வீடுகளில் சொன்னதெல்லாம் அதன்பின் பெரும்பாலும் டம்டம்மில் பிறந்தவையே.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்கு வாசித்ததை முதல் ஜாஸ் தட்டு என்கிறார்கள். அந்த இசையைப் பெற்றெடுத்த கறுப்பின மக்களுக்குத் தட்டுக்குள் இடம் கிடைக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1920 ஆகஸ்டில் மேமி ஸ்மித் ஒகே கம்பெனிக்குப் பாடிய ப்ளூஸ் தட்டு யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்கள் காசு கொடுத்துத் தங்கள் பாட்டை வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. 1923இல் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியாவுக்கு வந்து ஒரு தட்டு பாடினார். மைக் இல்லாத காலம். ஒரு தகரக் குழலுக்குள் பாட வேண்டும். அந்தக் குரலின் அதிர்வு மட்டுமே முள்ளைத் தள்ளி மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். பக்கத்தில் கிளாரன்ஸ் வில்லியம்ஸின் பியானோ ஒன்றுதான். இன்று அந்தத் தட்டை வைத்துக் கேட்டாலும் பெஸ்ஸியின் குரல் அறையை நிறைக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற அந்தத் தட்டுக்கு அவருக்குக் கிடைத்தது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி மட்டுமே. விற்பனையில் பங்கு கிடையாது. பல்லால் அரக்கை இழுத்தவருக்கும் குரலால் அதை நிறைத்தவருக்கும் கணக்கு ஒரே மாதிரிதான் முடிக்கப்பட்டது. இதை நினைக்காமல் எனக்கு அந்தத் தட்டைக் கேட்க முடிவதில்லை.

கோட்டாற்றுக்காரர்களுக்கு ஜாஸ் அந்நியமாகத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை. சவேரியார் கோயில் திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் போகும் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. நியூ ஆர்லியன்ஸ் ஜாஸும் அப்படித் தெருவில் நடந்துகொண்டே வாசித்த பித்தளைக் குழுக்களிலிருந்து, சவ ஊர்வலங்களிலிருந்து, தேவாலயப் பாட்டிலிருந்து கிளம்பியதுதான். லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிந்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' தொடக்கத்தில் ட்ரம்பெட் தனியாக, தாளத்துக்குக் கட்டுப்படாமல், ஏறி இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. ராகத்தைக் கோடி காட்டிவிட்டுப் பாட்டுக்குள் நுழைகிற நாகஸ்வரக்காரரை அறிந்தவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ப்ளூஸும் அப்படியே. ஒரு அடியைச் சொல்லி, அதையே திரும்பச் சொல்லி, மூன்றாவது அடியில் முடிச்சை அவிழ்க்கிற பாணி அது. முதன்மைப் பாடகர் சொல்லச் சொல்லப் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போடும் வில்லுப்பாட்டு மண்ணில், பாடகர் ஒரு அடி சொல்லி நிறுத்த, கிடார் பதில் சொல்வது நன்றாகவே புரியும்.

இந்தியாவிலேயே பதிந்த ஜாஸ் தட்டுகளும் உண்டு. 1926இல் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்த லெக்விம் குழுவை நாய் மார்க் எச்.எம்.வி. பதிவு செய்தது. 1936இல் பம்பாயில் கிரிக்கெட் ஸ்மித் என்ற கறுப்பின ட்ரம்பெட் கலைஞரின் குழு பதிந்தது. டெட்டி வெதர்ஃபோர்டின் வாழ்க்கை தனிக்கதை. 1926இல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து பியானோ வாசித்துத் தட்டில் பதிந்த கைகள் அவை. பிறகு ஷாங்காய், பம்பாய், கொழும்பு என்று சுற்றி, போர்க்காலக் கல்கத்தாவில் குழு நடத்தி, அங்கேயே கொலம்பியாவுக்குத் தட்டுகள் பதிந்து, 1945இல் காலராவில் அங்கேயே இறந்தார். நாஞ்சில் நாட்டுக்கு ஜாஸ் வந்தது சினிமாப் பாட்டுக்குள் ஒளிந்துகொண்டு. பம்பாயின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் வாங்கிய கோவாக்காரர் சிக் சாக்லேட், சி. ராம்சந்திராவின் இசையில் 1951இல் வந்த 'அல்பேலா' போன்ற படங்களில் ஊதியது இந்தியா முழுக்கக் கேட்டது. கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக்செட் கட்டியவர்கள் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்த தட்டுகளில் நம்மூர் என்.எஸ். கிருஷ்ணனும் இருந்தார், இந்த ட்ரம்பெட் ஒலியும் எங்கோ ஒரு பாட்டின் இடையில் இருந்தது.

அரக்குத் தட்டு பாட்டைச் சுமந்ததோடு நிற்கவில்லை, பாட்டின் அளவையும் அதுவே தீர்மானித்தது. பத்து அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று. பக்கத்துக்கு மூன்று நிமிஷத்தை ஒட்டி முடிந்துவிடும். இரவெல்லாம் ஆட்டத்துக்கு ஒரே பாட்டை நீட்டிப் பாடிய ப்ளூஸ்காரர்கள் மூன்று நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லப் பழகினார்கள். நம் வித்வான்களும் அதே மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தை முகம் காட்ட வைத்தார்கள். அடங்காதவர்கள் தட்டைத் திருப்பினார்கள். சன் ஹவுஸ் 1930இல் பாரமவுண்ட் கம்பெனிக்குப் பாடியபோது ஒரு பாட்டு இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டது. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் பங்காளராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ், நாடகங்களை வசனமும் பாட்டுமாகப் பல தட்டுகள் கொண்ட செட்டாக வெளியிட்டது.

தட்டு ஓடும்போது கேட்கும் 'சர்ர்' ஓசைக்கும் காரணம் உண்டு. ஆசாரி சொன்ன கல்லுப்பொடிதான் அது. எஃகு முள்ளின் முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவருவதற்காகவும் அது கலவையில் இருந்தது. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்ற கணக்கு. கொலம்பியாக்காரர்கள் ஓசையைக் குறைக்க, மட்டக் கலவையை நடுவில் வைத்து, நயமான அரக்கு பூசிய காகிதத்தை இரண்டு பக்கமும் ஒட்டி அழுத்தினார்கள். அந்தத் தட்டு உடைந்தால் விளிம்பில் மூன்று அடுக்கு தெரியும். பாரமவுண்டோ நாற்காலி செய்யும் கம்பெனியின் கிளை. கலவை மட்டம், இரைச்சல் அதிகம். விதி, மிகச் சிறந்த கிராமத்து ப்ளூஸைப் பெருமளவில் அவர்கள் கையில்தான் கொடுத்தது. சார்லி பேட்டன் 1929இல் அவர்களுக்காகப் பாடினார். அந்தப் பதிவுகளின் உலோக மூலங்கள் தொலைந்துவிட்டன. இன்று பேட்டன் என்று நாம் பெரும்பாலும் கேட்பது, யார் யார் வீட்டிலோ தேய்ந்து மிஞ்சிய சில தட்டுகளிலிருந்து எடுத்ததை.

ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் டெக்ஸஸ் மாநிலத்தில் 1936இலும் 1937இலும் பாடிய 29 பாட்டுகளை விட்டுவிட்டு 1938இல் இறந்தார். வயது 27. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறந்தபோது அவருக்கும் 27. செங்கோட்டையும் நாகர்கோவிலும் அன்றைக்கு ஒரே திருவிதாங்கூர். கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மேடையில் அவரைக் கேட்ட தலைமுறை போய்விட்டது. அந்த இரண்டு பேரையும் பற்றி எத்தனை கதை சொன்னாலும், குரலாக மிஞ்சியது அரக்கில் மட்டுமே.

மிஞ்சாமல் போனது எவ்வளவு என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது. 1942இல் போர் ஆசியக் கடல்களை அடைத்ததும் அமெரிக்க அரசு தட்டுக்கான அரக்கை முன்பிருந்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வெட்டியது. புதுத் தட்டு வேண்டுமென்றால் பழைய தட்டைக் கொண்டுவா என்றார்கள். டன் டன்னாகச் சேர்ந்த பழைய தட்டுகளை அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள். சில நூறே அச்சான ப்ளூஸ் தட்டுகள் எத்தனை அந்த அரவையில் போயிருக்கும்! 1948இல் வினைல் எல்.பி. வந்தது, அமெரிக்காவில் அரக்கின் காலம் அடுத்த பத்தாண்டில் முடிந்தது. இங்கே முடியவில்லை. சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம், மின்சாரம் வராத ஊர்களோ ஏராளம். அதனால் 1960களிலும் டம்டம்மில் 78 சுற்றுத் தட்டுகள் அச்சாயின. பீட்டில்ஸ் பாட்டுகூட இங்கே அந்த வடிவத்தில் வந்தது.

நம் பக்கத்து மச்சுகளில், தகரப் பெட்டிகளில், இன்னும் தட்டுகள் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போது ஆக்கர் கடைக்குப் போடுவதற்கு முன் எடுத்துப் பாருங்கள். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ளது விரிசல் விடும். புத்தகம்போல் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, தேவையென்றால் லேபிள் நனையாமல் ஈரத் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நிழலில் உலர்த்தலாம். ஸ்பிரிட் மட்டும் ஆகாது. அவலரக்கைக் கரைத்துப் பாலிஷ் செய்ய ஆசாரிமார் ஊற்றுவது ஸ்பிரிட்டைத்தான். தட்டில் பட்டால் பள்ளமும் பாட்டும் அதோடு கரையும். சாவிப் பெட்டியில் போட்டால் பக்கத்துக்கு ஒரு புது முள். அபூர்வத் தட்டு என்று தோன்றினால் சாவிப் பெட்டியில் போடவே வேண்டாம். நூறு கிராமுக்கு மேல் கனமுள்ள, முள் பொருத்திய அதன் தலை ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் பாட்டைச் சுரண்டி எடுத்துவிடும். 78 சுற்றுக்கு உரிய முனை பொருத்திய, எடை குறைந்த மின்சாரக் கருவியில் ஒரு தடவை ஓட்டி, கணினியில் ஏற்றிவிட்டு, தட்டை உறையில் போட்டு நிறுத்தி வையுங்கள்.